இறங்காமல் நிற்க ஒரு வண்டி

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காந்தி சிலை சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அதற்கு முன் ஒரு நிமிடம் ஸ்டியரிங், ரியர் வியூ மிரர், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடின. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு மினி பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஹாரன் சத்தத்தில் அடுத்தவன் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்று அவனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆழியாறு வரை போய்ப் பார்த்துவிட்டேன். நின்றபடி ஓடச் சொன்னால்தான் ஆட்டம். மெக்கானிக்குகள் இதை ஐடிலிங் என்பார்கள். பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பதின்மூன்று வயது வண்டி. சித்திரையில் நானே ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து, பழைய டியூப்களைப் பழுது பார்த்து மாட்டினேன். இரண்டு வருடமாக எந்த மெக்கானிக்கின் கையும் இதன் மேல் பட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் நன்றாக ஓடியது.

வீட்டில் சுலோச்சனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பத்து நிமிடத்தில் அவள் அண்ணன் பொன்னுச்சாமி போன் செய்வார். வீட்டை விடப் பெரிய புது வண்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அதை நிறுத்த இடமில்லாமல் கோயில் மைதானத்தில் நிறுத்துகிற மனிதர் அவர்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பிசுபிசுப்பு.

கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். செப்டம்பர் 1, ஞாயிறு. மகள் மிருதுளாவுக்கு ஏழாம் மாதம். இங்கே ஐந்து விதச் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் சுமந்து உடுமலையில் கொண்டுபோய்ப் பரிமாறி, வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். உடுமலையில் அரிசியே விளையாத மாதிரி.

சுலோச்சனா மூன்று நாளாகச் சுற்றி வளைத்து, இன்று நேராகக் கேட்டாள். "நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

வருவேன் என்றேன். ஆனால் என் நிபந்தனையையும் சொன்னேன். நான்தான் ஓட்டுவேன். என் மகள் என் வண்டியில்தான் வருவாள். அந்த வீட்டு வாசலில் வண்டி ஓடிக்கொண்டே நிற்கும், நான் இறங்க மாட்டேன்.

"ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க."

"ரெண்டு மணி நேரமும் ஓடும்."

"ஆஃப் பண்ணிப்போட்டுத்தான் உக்காருங்களேன்."

இதுதான் இவளுக்குப் புரியாது. அணைத்த வண்டியில் உட்கார்ந்திருப்பவன் யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பவன். ஓடும் வண்டியில் இருப்பவன் கிளம்பப் போகிறவன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். மிருதுளா கட்டிக்கொண்ட உடுமலைக்காரன் நம் ஆளும் இல்லை, படித்தவனும் இல்லை. தாராபுரம் ரோட்டில் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. அதன் பெயர் ஒர்க்‌ஷாப். மிருதுளா எம்.இ. படித்து அங்கே கல்லூரியில் வேலை பார்த்தாள். இந்த வண்டிக்குக் கிளட்ச் மாற்ற அவனிடம் கொண்டுபோய் விடச் சொன்னது நான்தான். கிளட்சை ஒரே நாளில் மாற்றிவிட்டான். அதற்கப்புறமும் ஆறு மாதம், "அப்பா, ஏதோ சத்தம் வருது" என்று இவள் வண்டியை அங்கே கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என்னைப் போல் ஒரு மடையன் உண்டா?

ஆக, பதினேழு நாளில் ஐடிலிங் சரியாக வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

தபாலில் வரவழைத்த ஸ்கேனர் வந்தது. தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினால் போனில் கோளாறின் எண்ணைக் காட்டும். இரண்டு எண்கள் வந்தன.

P0171. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

P0300. சிலிண்டர்கள் ஒழுங்காக எரியவில்லை. எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கிற நாலு பேரில் யாரோ திருடினார்கள் என்று சொல்வதற்கு ஒரு கருவி.

இன்டர்நெட்டில் இதற்கு ஆயிரம் வீடியோ. முதல் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றியும் கடைசி ஐந்து நிமிடம் பெல் பட்டனைப் பற்றியும் பேசுகிறார்கள். நடுவில் ஒருவன் பிளக் என்கிறான், இன்னொருவன் காயில் என்கிறான், மூன்றாமவன் வண்டியை விற்கச் சொல்கிறான்.

நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். போவதற்கு முன் போனில் இரண்டு கோளாறு எண்களையும் அழித்துவிட்டேன். விளக்கும் அணைந்தது. இது என் வழக்கம். யாரிடம் போனாலும் நோயை நான் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் அதையே திருப்பிச் சொல்லிக் காசு வாங்குவான். தெரிந்தவனா என்று பார்க்க வேறு வழியில்லை.

டை கட்டிய பெண் ஒருத்தி டேப்லெட்டைப் பார்த்தபடியே பேசினாள். ஒரு முறைகூட வண்டியைப் பார்க்கவில்லை.

"என்ன கம்ப்ளைன்ட் சார்?"

"பார்த்துச் சொல்லுங்க."

"ஸ்கேன்ல எதுவும் இல்ல சார். ஐடிலிங் மட்டும் லைட்டா வைப்ரேஷன். பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, எஞ்சின் மவுன்ட் மூணும் மாத்திப் பார்க்கலாம்."

மூன்றையும் மாற்றிப் 'பார்க்கலாமாம்'. எஸ்டிமேட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பின்பக்கம் வெற்றாக இருக்கிறது. சுலோச்சனாவுக்கு மளிகை லிஸ்ட் எழுத ஆகும்.

வீட்டு கேட்டில் மறுபடி நின்றது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாச்சிமுத்து ஒர்க்‌ஷாப். ஊரில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். கரண்ட் ஷாக் அடித்த ஆள் மாதிரி முடி. இங்கும் அழித்துவிட்டுத்தான் போனேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கேனரைச் சொருகினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்பங்க அழிச்சீங்க?"

"எதை?"

"எரர் கோடு ஒண்ணுமில்லீங்க. ஆனா வண்டி தனக்குத்தானே பண்ணிக்கிற டெஸ்ட் எதுவுமே இன்னும் முடியலைன்னு காட்டுது. இன்னைக்குக் காலைல அழிச்சிருக்கீங்க."

"அழிச்சா என்ன? கண்டுபிடிக்கறது உங்க வேலை."

"ஆஸ்பத்திரிக்கு வந்து வாயத் தொறக்காம உக்காந்துக்கிட்டு, என்ன நோவுன்னு நீயே சொல்லுன்னா டாக்டரு என்னங்க பண்ணுவாரு? எங்கயாச்சும் ஊசியக் குத்துவாரு. நானும் குத்தோணுமா? ஒரு வாரம் அழிக்காம ஓட்டிப்போட்டு வாங்க ஏ.இ. சார்."

அங்கே இருந்த இரண்டு ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். ஒரு லைன்மேன்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அழிக்கவில்லை. விளக்கு எரிகிறது. நாச்சிமுத்து சொன்னதற்காக அல்ல.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பொன்னுச்சாமி மச்சான் வந்தார். வரும்போதே வண்டியின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வருவார். சாவி இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது.

"மாப்ள, அந்த டப்பாவுல ஏழு மாசத்துப் புள்ளைய ஏத்தாதீங்க. நடுரோட்டுல நின்னுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? நம்ம வண்டில தொட்டில்ல படுத்த மாதிரி கூட்டியாந்தர்றேன்."

"என் மகளை நான் கூட்டிட்டு வர்றேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி சரியாகலீன்னா நம்ம வண்டிதான். நான் சுலோச்சனாகிட்டச் சொல்லிட்டேன்."

 சுலோச்சனா தன் அண்ணனுக்கு இன்னொரு டம்ளர் காபி ஊற்றினாள். அவள் பக்கம் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மிருதுளா இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். முதல் நாளே நம் கேட் தூணில் பின்கதவை இடித்தாள். அழுதுகொண்டு வந்து சொன்னாள். நான் திட்டவில்லை. அந்த நெளிசலை இன்றுவரை நான் எடுக்கவில்லை. டிங்கர் வேலை செய்பவர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று நடந்தது விசித்திரம்.

நான் பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுலோச்சனா வந்து நின்றாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடமாகப் பானெட்டை 'மூடி' என்றும் டிக்கியைப் 'பொறத்தால' என்றும் சொல்கிறவள்.

"ஏனுங்க, ஏ.சி. போட்டா ஆட்டம் சாஸ்தியாகுதுங்களா, கொறையுதுங்களா?"

"சாஸ்தியாகுது."

"ஆக்சிலேட்டர் குடுத்தா?"

"ஆட்டம் நின்னுருது."

"உஸ்ஸுன்னு எங்கயாச்சும் காத்து இழுக்கற சத்தம் கேக்குதுங்களா?"

காதை வைத்துக் கேட்டேன். கேட்டது. மெல்லிய சத்தம், பம்ப் ஸ்டவ்வில் காற்றை இறக்கினால் வருமே அது மாதிரி. இரண்டு வாரமாக எனக்கு அது கேட்கவில்லை. எங்கிருந்து என்று தெரியவில்லை.

அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் போன் பேசும் சத்தம் வந்தது. மளிகைக் கடைக்கு இருக்கும். 

ஆகஸ்ட் 28, புதன்

சுலோச்சனா துணி தேய்க்கும்போது தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எஞ்சின் ஓடறப்ப ஒவ்வொரு டியூப்பு மேலயும் கொஞ்சம் பீச்சிப் பாருங்க. எங்க பீச்சுறப்ப ஆட்டம் நிக்குதோ அங்கதான் ஓட்டையாம்."

"ஓட்டையாமா? யாரு சொன்னது?"

"தோணுச்சுங்க."

ரேஷன் கார்டில் பெயர் திருத்தவே என்னைக் கேட்கிறவளுக்கு இது தோன்றியதாம். சிரிப்பு வந்தது. இருந்தாலும் சும்மா செய்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால், கைக்கு எளிதில் எட்டாத இடத்தில், பெருவிரல் தடிமன் டியூப் ஒன்று. அதன் மேல் தண்ணீர் பட்டதும் ஆட்டம் நின்றது. இரண்டு விநாடிதான், ஆனால் அப்படியே அமைதியாகிவிட்டது. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதும் மறுபடி ஆட்டம். ஐந்து முறை பீய்ச்சினேன். ஐந்து முறையும் நின்றது.

டியூப் விரிசல் விட்டிருந்தது. விரிசல் மேல் யாரோ கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் டேப் இளகி, வழுக்கி, ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுப்பு என்பதே கிடையாது.

ஆகஸ்ட் 29, வியாழன்

யாரோ அல்ல. நான்தான்.

சித்திரையில் சுற்றினேன். பாதிக்குப் பாதி ஏற்றி, மூன்று அடுக்கு, நுனியை உள்ளே மடித்து. முப்பத்து நான்கு வருடம் ஒயருக்கு அப்படித்தான் சுற்றினேன், ஒன்றுகூடக் கழன்றதில்லை. ஒயருக்குள் கரண்ட் போகும், காற்றை இழுக்காது. ஒரு எஞ்சினியருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இரண்டு வாரமாக ஊரில் உள்ள மெக்கானிக்குகளுக்கெல்லாம் பரீட்சை வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்தப் பக்கத்தைச் சுலோச்சனா படிக்கக் கூடாது.

டேப்பைக் கழற்றி அடுப்பில் போடலாம் என்று போனேன். சமையலறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க தம்பி, கறுப்பு டேப்புதான்… இல்லீங்க, அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள்.

கடைகளில் அந்த டியூப் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றார்கள்.

மாலை நாலரை மணிக்குச் சுலோச்சனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உடுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார்களாம். யார் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. உள்ளே புது டியூப். இரண்டு கிளாம்ப். சீட்டு எதுவும் இல்லை. 'டேப் சுற்றாதீர்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் எழுதியிருப்பான். நானாக இருந்தால் அடிக்கோடு போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நானே மாட்டினேன். கையில் இரண்டு இடத்தில் தோல் போனது. கோளாறு எண்களை அழித்தேன். இந்த முறை ஒளிக்க அல்ல. நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். 750 ஆர்.பி.எம். முள் அசையவில்லை. மஞ்சள் விளக்கு வரவில்லை. எஞ்சின் மூடி மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன், அதுகூடத் தளும்பவில்லை.

பொன்னுச்சாமிக்கு நானே போன் செய்து சொன்னேன். "அப்படீங்களா மாப்ள" என்றார். குரலில் எவ்வளவு ஏமாற்றம்!

ஆகஸ்ட் 31, சனி

வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசம். பத்துப் பேர் சாப்பிட ஐம்பது பேருக்குக் கிளறுகிறார்கள். சொல்லிப் பயனில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு, மாலை

பதினொன்றேகாலுக்கு உடுமலை போய்ச் சேர்ந்தோம். வீடு நான் நினைத்ததை விடச் சின்னது. வாசலில் பந்தல். ஒரு பந்தக்கால் கோணல்.

சுலோச்சனாவும் பொன்னுச்சாமியும் மற்றவர்களும் கூடைகளை இறக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடியது. ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை. இவ்வளவு அருமையாக ஓடி இந்த வண்டியைப் புதிதில்கூட நான் பார்த்ததில்லை.

உடுமலைக்காரன் சொம்பில் தண்ணீரோடு வந்தான். நகத்தில் கிரீஸ் இருந்தது. மனைவிக்குக் கட்டுச்சோறு என்றால்கூடக் கையை ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள் போலிருக்கிறது.

"வாங்க சார், உள்ள வாங்க."

"பரவால்ல."

அவன் போகவில்லை. தலையை லேசாகச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டான். டியூப்பைப் பற்றிச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.  அவன் சொம்பைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே வளையல் சத்தம், சிரிப்பு. பிறகு மிருதுளா வெளியே வந்தாள்.

அவளைப் பார்த்து இரண்டு வருடம். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. முழங்கை வரை கண்ணாடி வளையல். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆட்டமே இல்லையேப்பா."

"இல்ல."

"எறங்குங்க."

"எறங்க மாட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லியாச்சு. நீ ஏறு, போலாம்."

"நீங்க எறங்கி வந்து, உள்ள உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, வா அம்மிணின்னு கூப்பிட்டாத்தான் நான் ஏறுவேன். இல்லீன்னா இங்கயே பெத்துக்கறேன்."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளே திரும்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, பந்தலுக்கு வெளியே, என் கதவுக்குப் பக்கத்தில், வெயிலில் போட்டு உட்கார்ந்தாள். உச்சி வெயில். ஏழு மாதம். சுலோச்சனா வந்து கெஞ்சினாள். அவன் குடையோடு வந்தான். குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர விரிக்கவில்லை. இந்தப் பிடிவாதம் சுலோச்சனா வீட்டு வழியில் வந்தது.

நெற்றியில் வைத்த சந்தனம் வியர்வையில் கரைந்து வழிந்தது. என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 750. நாள் முழுக்க வேண்டுமானாலும் ஓடியிருக்கும்.

அப்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியது. பழைய வண்டி, வெயிலில் நிறுத்தி வைத்து ஓட்டினால் எஞ்சினுக்கு நல்லதல்ல. அதற்காகத்தான் அணைத்தேன்.

அணைத்த வண்டியில் உட்கார்ந்திருக்க முடியாது. இறங்கினேன்.

குடையை அவள் மடியிலிருந்து எடுத்து விரித்து, அவள் தலைக்கு மேல் பிடித்தபடி உள்ளே கூட்டிப் போனேன்.  பொன்னுச்சாமி வாயைத் திறந்தார். சுலோச்சனா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இலை போட்டார்கள். புளிச்சாதத்தில் உப்புக் கம்மி. அது நம் வீட்டில் கிளறியது. அவர்கள் வைத்த ரசம் பரவாயில்லை. தினகரன்தான் பரிமாறினான். அது அவன் பெயர். என் இலைக்கு வரும்போது மட்டும் கரண்டியை அவசரமாகச் சாய்த்தான். இரண்டு சொட்டு ரசம் என் வேட்டியில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா சார்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"ஏனப்பா, வீட்டுக்குள்ள உக்காந்து சோறு திங்கறவனை எவனாச்சும் சார்னு கூப்பிடுவானா? மாமான்னு கூப்பிடத் தெரியாதா?"

பந்தியே நின்றுவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி அவன் அப்படியே நின்றான். மிருதுளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிங்க மாமா" என்றான். சத்தம் போதாது. தொண்டைக்குள்ளேயே சொன்னான்.

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.